தண்ணீரை மொண்டவர்களுக்குத் தெரியும்

"தாத்தாவுக்குத் தண்ணி கொடுத்தா எத்தனை ஸ்டார் அக்கா?" என்று ஞாயிறு பள்ளியில் ஒரு பையன் கேட்டான். எட்டு வயது. ஒன்று என்றேன். மறுவாரம் வந்து, ஒரே நாளுக்கு நான்கு ஸ்டார் போடச் சொன்னான். அன்று காலையில் மட்டும் தாத்தாவுக்கு நான்கு தடவை தண்ணீர் கொடுத்தானாம்.

"தாத்தா கேட்டாரா?"

"முதல் தடவைதான் கேட்டார்."

மீதி மூன்று டம்ளரையும் அந்தப் பெரியவர் பேரனுக்காகக் குடித்திருக்கிறார். யோசித்துப் பார்த்தால், அந்த வீட்டில் அன்றைக்குச் சேவை செய்தவர் தாத்தாதான்.

ஸ்டார் அட்டை என்னுடைய யோசனை. பிறருக்குச் செய்யும் உதவியைப் பிள்ளைகள் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்து, ஒவ்வொருவர் பெயரும் எழுதிய பெரிய அட்டையை வகுப்புச் சுவரில் மாட்டினேன். ஓர் உதவிக்கு ஒரு நட்சத்திரம். முதல் மாதம் அமர்க்களமாகப் போயிற்று. பெற்றோர் என்னைத் தேடி வந்து பாராட்டினார்கள். இரண்டாம் மாதம், வயதான ஒரு அம்மாவின் பையை யார் தூக்குவது என்று இரண்டு பிள்ளைகள் இழுத்த இழுப்பில் பையின் பிடி அறுந்தது. யாருக்கும் தெரியாமல் எதையாவது செய்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுமியின் பெயருக்கு எதிரே மட்டும் இடம் காலியாகவே கிடந்தது. அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இதில் வேடிக்கை, அந்த மாத மனப்பாட வசனம் மத்தேயு 6-ஆம் அதிகாரம். வலதுகை செய்கிறதை இடதுகை அறியாதிருக்கக்கடவது. அந்த வசனத்தைக் கலர் பேனாவில் எழுதி, ஸ்டார் அட்டைக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருந்தேன். அதே அதிகாரத்தில், மனுஷரால் புகழப்படுவதற்குத் தங்களுக்கு முன்பாகத் தாரை ஊதுவிக்கிறவர்கள் 'தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது' என்று இயேசு சொல்கிறார். தாரைக்குப் பதில் நான் ஸ்டிக்கர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அட்டையைக் கழற்றினேன். பிள்ளைகள் சண்டைக்கு வந்தார்கள். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அடுத்த இரண்டு மூன்று வாரம் உதவி செய்வதே நின்றுபோனது. நாற்காலிகள் போட்டது போட்டபடி கிடந்தன. தப்புப் பண்ணிவிட்டோமோ என்று பயந்தேன். அப்புறம் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. முன்பைவிடக் கூடவா குறைவா என்று என்னால் சொல்ல முடியாது, எண்ணுவதை விட்டுவிட்டேனே.

இன்னொரு சிக்கல் எனக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை. அது சொல்லில் இருந்தது. "நம்ம சபையில் யார் யார் ஊழியம் செய்றாங்க?" என்று வகுப்பில் கேட்டால் "பாஸ்டர்!" என்று ஒரே குரலில் பதில் வரும். கொஞ்சம் தட்டிக்கொடுத்தால் பாட்டுக் குழுவும் பட்டியலில் சேரும். மண்டபத்தைக் கூட்டிப் பெருக்குகிற அக்கா? "அது வேலை அக்கா, ஊழியம் இல்லை." பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை, நாம் அப்படித்தானே பேசுகிறோம். ஊழியம் என்ற சொல் நம்மிடம் மேடையேறிவிட்டது. 'முழுநேர ஊழியர்' என்றால் மைக் பிடித்தவர் என்றே மனசில் படம் வருகிறது.

பாடத்துக்காகப் படித்தபோது ஒன்று தெரிந்தது. மாற்கு 1:31-இல் இயேசுவின் சீஷர் பேதுருவின் மாமியாருக்கு ஜுரம் நீங்கியதும் அவர் எழுந்து வந்தவர்களுக்குப் 'பணிவிடை' செய்தார் என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. மாற்கு 10:45-இல் மனுஷகுமாரன், அதாவது இயேசு, ஊழியங்கொள்ள வராமல் 'ஊழியஞ்செய்ய' வந்தார் என்று இருக்கிறது. கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல், தியாகோனேயோ. பந்தியில் நின்று பரிமாறுவதும் அந்தச் சொல்லின் பொருளில் அடக்கம். அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்திலும் இதே கதை. விதவைகளுக்கான அன்றாடப் பங்கீட்டைக் கவனிப்பது 'பந்திவிசாரணை', வசனத்தைப் போதிப்பது 'ஊழியம்'. மூலத்தில் இரண்டுக்கும் வேர் ஒன்றே. மொழிபெயர்த்தவர்கள் இடத்துக்கேற்ற சொல்லைப் போட்டிருக்கிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் அடுப்படியில் நின்றால் பணிவிடை, மேடையில் நின்றால் ஊழியம் என்று நமக்குள் ஒரு படிக்கட்டு முளைத்துவிட்டது. அந்தப் பந்திவிசாரணைக்கு ஏழு பேரைத் தேடியபோது கேட்ட தகுதி என்ன தெரியுமா? நற்சாட்சி, பரிசுத்த ஆவி, ஞானம். சாப்பாடு பங்கு வைக்க! அந்த ஏழு பேரில் முதல் பெயர் ஸ்தேவான், பின்னால் விசுவாசத்துக்காகக் கல்லெறிபட்டு இறந்தவர்.

இதைப் பிள்ளைகளிடம் கிரேக்கமாகச் சொன்னால் கொட்டாவி விடுவார்கள். எனவே யோவான் 13-இல் இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவியதைச் செய்தே காட்டிவிடலாம் என்று ஒரு தொட்டி, வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு துண்டு கொண்டுபோனேன். செருப்புக் காலோடு புழுதியில் நடந்த காலம் அது, விருந்துக்கு வந்தவர் காலைக் கழுவுவது வீட்டின் கடைசி வேலைக்காரனுக்கு விழும் வேலை என்றெல்லாம் சொல்லிவிட்டு, "யார் கழுவப் போறீங்க?" என்று கேட்டேன். பத்துப் பிள்ளைகள், பத்துக் கையும் எழும்பியது.

"சரி, யார் காலை நீட்டப் போறீங்க?"

ஒவ்வொரு கையாக இறங்கியது. பதினொரு வயதுப் பையன் ஒருவன் இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான். அவன் காலுறையில் பெருவிரல் பக்கம் ஓட்டை. நான் பார்த்துவிட்டேன் என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது.

வேறு வழியில்லாமல் நானே நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினேன். என் குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு. இதை யோசிக்காமல் உட்கார்ந்துவிட்டோமே என்று கூசியது. ஆறு வயதுக் குட்டி ஒருத்தி முன்னால் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி ஊற்றினாள். வெடிப்பில் விரல் பட்டதும் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்து, "வலிக்குதா அக்கா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். பேச்சு வரவில்லை.

'நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது' என்று பேதுரு சொன்னது மரியாதையினால் என்றுதான் அதுவரை பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அது வெறும் கூச்சமாகவும் இருந்திருக்கலாம் என்று பட்டது. கொடுப்பவராக நிற்பது வசதியாக இருக்கிறது, வாங்குபவராக உட்காரத்தான் துணிச்சல் வேண்டும். ஓட்டைக் காலுறைப் பையன் கடைசிவரை காலைக் காட்டவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. துண்டை மட்டும் பிடித்துக்கொள்கிறாயா என்றேன், பிடித்துக்கொண்டான்.

கேள்வி நேரத்தில் ஒருத்தி, "யூதாஸ் காலையும் கழுவினாரா?" என்றாள். அந்த அதிகாரத்தை வரிசையாகப் படித்தால், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் எழுந்து போவது 30-ஆம் வசனத்தில்தான், கால் கழுவுவது அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஆமாம் என்றேன். "தெரிஞ்சுமா?" தெரிந்துதான். இந்த இடத்தை நான் ஜாக்கிரதையாகக் கடக்கிறேன். தன்னை அடிக்கிறவனுக்கும் மிரட்டுகிறவனுக்கும் போய்ப் பணிவிடை செய் என்று ஒரு குழந்தையிடம் சொல்லிவிட்டு வருவது போதனை இல்லை. அப்படி யாராவது இருந்தால் முதலில் என்னிடம் சொல், உன் வீட்டில் சொல் என்றுதான் அவளிடம் சொன்னேன். இயேசு அதைச் செய்தது யாரும் மிரட்டி அல்ல, தமக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்து, தாமாகத் துண்டை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

பாடம் நன்றாக அமைந்த சந்தோஷத்தில் எல்லோரையும் ஆராதனைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். கைப்பையை மறந்துவிட்டோமே என்று திரும்பி வந்தால், மண்டபத்தைச் சுத்தம் செய்கிற அக்கா தரையில் தேங்கிய தண்ணீரை மாப் போட்டு இழுத்துக்கொண்டிருந்தார். தொட்டி நாங்கள் விட்ட இடத்திலேயே, அழுக்குத் தண்ணீரோடு.

"பிள்ளைங்க விளையாடுனாங்களாம்மா?"

"இல்லக்கா, பாடம்."

"என்ன பாடம்?"

சொல்ல வாய் வரவில்லை. பையை மறந்து தொட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்க் கொட்டிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து எங்கள் வகுப்பு பத்து நிமிடம் முன்னதாக முடிகிறது. அந்தப் பத்து நிமிடம் நாற்காலிக்கும் தரைக்கும். ஜெபம் அதற்குப் பிறகுதான்.

அந்தப் பத்து நிமிடத்தில் ஒன்றைக் கவனித்தேன். யாரும் சொல்லாமலே பெண் பிள்ளைகள் துடைப்பத்தை எடுத்தார்கள், பையன்கள் மைக் ஒயரைச் சுருட்டப் போனார்கள். ஒயர் சுருட்டுவதும் வேலைதான், ஆனால் நான்கு பையன்கள் சுருட்டும் அளவுக்கு எங்களிடம் ஒயர் கிடையாது. இதற்குப் பிரசங்கம் பண்ணாமல் யோவான் 21-ஐ வாசித்தேன். உயிர்த்தெழுந்த பிறகு கடற்கரையில் கரிநெருப்புப் போட்டு, மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு, இரவெல்லாம் வலைவீசிக் களைத்தவர்களை 'வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்' என்று இயேசு கூப்பிடுகிற இடம். ஒரு பையன் கையைத் தூக்கி, "இயேசப்பா சமைச்சாரா?" என்றான். அவன் முகத்தில் இருந்த ஆச்சரியத்தைப் பார்க்க வேண்டுமே. அரையில் துண்டு கட்டியவர் ஆண், அடுப்பு மூட்டியவர் ஆண். இனிமேல் துடைப்பம் முறை வைத்துச் சுற்றும் என்று அறிவித்தேன். முணுமுணுப்பு இருந்தது, இன்னமும் இருக்கிறது.

நல்ல சமாரியன் நாடகம் வருடா வருடம் போடுவோம். கள்ளர் கையில் அடிபட்டு வழியில் கிடந்தவனைத் தன் வாகனத்தில் ஏற்றி, சத்திரத்தில் சேர்த்துப் பணமும் கொடுத்த சமாரியனைப் பற்றி இயேசு சொன்ன கதை. கள்ளர்களாக நடிக்கத்தான் போட்டி, கழுதைக்குக்கூட ஆள் கிடைக்கும், சத்திரக்காரனாக மட்டும் யாரும் வரமாட்டார்கள். ஒரு முறை ஒத்திகையில் சமாரியனாக நடித்தவன் பாதியில் நின்று, "அடிபட்டவரைக் கழுதையில ஏத்திட்டா நான் எப்படி வர்றது?" என்று கேட்டான். நடந்துதான் என்றேன். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் இறக்கம், வெயில் காயும் மலைப்பாதை. கிளம்பும்போது சமாரியன் போட்டிருந்த கணக்கில் நடை கிடையாது. சத்திரக்காரனிடம் கொடுத்த இரண்டு பணமும் அப்படித்தான். ஒரு பணம் ஒரு நாள் கூலி என்பது மத்தேயு 20-ஆம் அதிகாரத்தில் திராட்சத்தோட்டக் கதையிலிருந்து தெரிகிறது. இரண்டு நாள் கூலியையும் ஒரு நாள் சவாரியையும் சமாரியன் இழந்தான் என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் புரிகிறது. 'அன்பு காட்டினான்' என்றால் புரிவதில்லை.

போன மாதம் கானாவூர்க் கல்யாணம், இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய இடம். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குடம் கொள்ளும் ஆறு கற்சாடிகள் என்று வசனம். அந்தக் குடம் நம் இடுப்புக் குடம் இல்லை, மூலத்தில் உள்ள அளவு ஏறக்குறைய 39 லிட்டர். ஆக ஒரு சாடிக்குச் சராசரி நூறு லிட்டர் என்று வைத்துக்கொண்டோம். ஆறு சாடிக்கு அறுநூறு. பத்து லிட்டர் வாளியில் சுமந்தால் அறுபது நடை. குழாயும் கிடையாது.

கணக்குப் போட்டதோடு விடவில்லை. வெளியே குழாயடியிலிருந்து வகுப்புவரை ஆளுக்கொரு நடை வாளி தூக்கச் சொன்னேன். சிறியவர்களுக்குப் பாதி வாளி. செருப்பெல்லாம் நனைந்து, கைப்பிடி அழுத்திய உள்ளங்கை சிவந்து, மூச்சு வாங்கி வந்து உட்கார்ந்தார்கள். பிறகு வாசித்தோம். திராட்சரசத்தை ருசிபார்த்த பந்திவிசாரிப்புக்காரன், அதாவது விருந்தை மேற்பார்ப்பவன், மணவாளனைக் கூப்பிட்டுப் பாராட்டுகிறான். மணவாளனுக்கு ஒன்றும் தெரியாது. பாராட்டியவனுக்கும் தெரியாது. 'தண்ணீரை மொண்ட வேலைக்காரருக்குத் தெரிந்ததேயன்றி' என்று நடுவில் ஒரு துண்டு வரி.

"அவங்க யார்கிட்டயாவது சொன்னாங்களா அக்கா?"

"அதை எழுதலை."

பின்வரிசையில் உட்கார்ந்து உள்ளங்கையை ஊதிக்கொண்டிருந்தான் ஒருவன். தாத்தாவுக்கு நான்கு டம்ளர் தண்ணீர் கொடுத்தவன்தான், இப்போது பன்னிரண்டு வயது. "அறுபது நடையா? நானா இருந்தா ரெண்டாவது நடையிலயே எல்லார்கிட்டயும் சொல்லியிருப்பேன்" என்றான்.

வகுப்பே சிரித்தது. அதற்குள் பத்து நிமிட நேரம் வந்துவிட்டது. அன்றைக்குத் துடைப்பம் அவன் முறை.