கூடைக்குள்ள ஒரு கொடுவா குஞ்சு

இன்னைக்குக் காலையில பழவேற்காடு ஏரிக் கரையில ஒரு அக்கா கூடையக் கவுத்தாங்க, மடவை, கிழங்கான், இறால்னு எல்லாம் கலந்து கொட்டுச்சு, நடுவுல சுண்டுவிரல்ல பாதி நீளத்துக்கு ஒரு கொடுவா குஞ்சு.

பழுப்பு உடம்பு, தலையில மூணு வெள்ளைக் கோடு.

கொடுவா முகத்துவாரத்துப் பக்கம் உப்புத் தண்ணியில முட்டை விடும், குஞ்சு ஏரிக்குள்ள வந்துதான் வளரும். முகத்துவாரத்த மணல் அடைச்சிட்டா அந்த வரத்தே நின்னுடும்.

அதனால இங்க பிடிபடுற மீனோட மொத்த எடைய மட்டும் எழுதி வச்சா ஒண்ணும் தெரியாதுங்க. எந்த வகை, என்ன சைஸ், எந்த மாசம், தண்ணில உப்பு எவ்வளவுன்னு சேர்த்து எழுதணும்.

பாடு முறையில, அதாவது மீன்பிடிக்கிற இடத்த முறை வச்சுப் பங்கு போட்டுக்கிட்டு, தலைமுறையா வலை கட்டுறவங்களுக்கு எந்த மீன் எப்ப வரும்னு அத்துப்படி, அவங்கள உக்கார வச்சுக் கேட்டே கணக்க ஆரம்பிக்கணும், அதுவும் ஐப்பசி மழைக்கு முன்னாடியே.