தங்கப் பீரங்கி கண்டிக்கு எப்போது வரும்?

கண்டியில் சுற்றுலா வழிகாட்டியாக வேலை செய்கிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. காட்ட இடம் இருக்கும், பொருள் இருக்காது. புத்தரின் புனிதப் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகைக்குப் பக்கத்தில் உள்ள மகுல் மடுவ என்ற அரசவை மண்டபத்தில் செதுக்கிய மரத்தூண்களைக் காட்டி, 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன ஒப்பந்தம் இங்கேதான் வாசிக்கப்பட்டது என்பேன். உடனே யாராவது கேட்பார்கள், சிம்மாசனம் எங்கே என்று. கொழும்பில். வாள்? கொழும்பில். பீரங்கி? அதுவும் கொழும்பில்தான்.

காலனி ஆட்சியில் கொண்டுபோனதை நூதனசாலைகள் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்ற கேள்வியை, அநேகமாக வெளிநாட்டுக்காரர்கள்தான் என்னிடம் கேட்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டும் என்று தயக்கமில்லாமல் சொல்வேன். ஆனால் எந்த இடத்துக்கு, யார் கைக்கு என்பதையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது இந்த வேலையில் எனக்கு வந்த எண்ணம்.

பீரங்கியையே எடுத்துக்கொள்வோம். லெவ்கே திசாவை என்ற பிரதானி அரசனுக்குக் கொடுத்தது. வெண்கலக் குழல், அதன் மேல் தங்கமும் வெள்ளியும் சிவப்புக் கற்களும். சூரியன், பிறை, சிங்கம் என்று கண்டியின் சின்னங்கள். 1765இல் ஆளுநர் வான் எக் தலைமையில் வந்த ஒல்லாந்தர் படை அரண்மனையைச் சூறையாடி அதைத் தூக்கிப் போனது. அப்போது அரசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன், நாயக்கர் வம்சத்தவன். பீரங்கி பிறகு ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் நூதனசாலையின் பெருமையாகிவிட்டது. வெளிநாடுகளில் இருக்கும் நம் பொருட்களை தேசிய நூதனசாலைப் பணிப்பாளர் பி.எச்.டி.எச்.டி சில்வா பட்டியலிட்டு 1975இல் வெளியிட்டார். 1980இல் இலங்கை யுனெஸ்கோ மூலம் கேட்டுப் பார்த்தது. பலன் கிடைக்க 2023 ஆகிவிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் பீரங்கி, ஒரு தங்க வாள், ஒரு வெள்ளி வாள், ஒரு கத்தி, இரண்டு பெருந்துப்பாக்கி கொழும்பு வந்து சேர்ந்தன.

அதற்குப் பிறகு வந்த ஒல்லாந்துப் பயணிகளில் ஓர் ஆசிரியை, “நாங்கள் கொடுத்தது சரிதானே?” என்று கேட்டார். பாராட்டுக்காகக் கேட்டது போல இல்லை, உண்மையாகவே கவலைப்பட்டார். சரி என்றேன். கொடுத்ததைவிட, கொடுப்பதற்கு முன் இரு நாட்டு ஆய்வாளர்களும் உட்கார்ந்து ஒவ்வொரு பொருளும் எப்படிக் கைமாறியது என்று தேடியதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கொள்ளை என்று எழுதி ஒப்புக்கொண்ட பிறகு, அதைத் தயவாகக் கொடுத்தோம் என்று யாரும் சொல்ல முடியாது. சிம்மாசனம் அப்படி வரவில்லை. 1693இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குப் பரிசாகக் கொடுத்தது அது. 1815இல் ஆங்கிலேயர் எடுத்துப் போய் வின்ட்சர் கோட்டையில் வைத்திருந்தார்கள். 1934இல் இளவரசர் ஒருவர் கப்பலில் வந்து விழா எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். பொருள் வந்தது, கணக்குத் தீரவில்லை.

உங்களால் பத்திரமாக வைத்திருக்க முடியுமா என்று கேட்பவர்களும் உண்டு. 2012இல் கொழும்பு நூதனசாலையில் திருட்டு நடந்தது உண்மை. 2023இல் பிரிட்டிஷ் நூதனசாலையும் சுமார் 2,000 பொருட்கள் காணாமல் போனதாகவும் திருடப்பட்டதாகவும் சேதமானதாகவும் அறிவித்தது. பூட்டு எங்கே பலமாக இருக்கிறது என்று பார்த்து உரிமையை முடிவு செய்வதாயிருந்தால், யாருக்கும் எதுவும் சொந்தமாக இருக்காது. பிரிட்டிஷ் நூதனசாலைப் பொருட்களைத் திருப்பிக் கொடுக்க 1963ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது என்று லண்டனில் சொல்கிறார்கள். பாராளுமன்றம் போட்ட சட்டம்தானே, பாராளுமன்றம் மாற்றலாம். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் நடுவில் கிடைத்த, தாரா என்ற பௌத்தப் பெண் தெய்வத்தின் சிலை இன்னும் அந்த நூதனசாலையில்தான் நிற்கிறது. கண்டியைப் பிடித்த அதே ஆளுநர் பிரவுன்றிக் 1830இல் கொடுத்த சிலை.

சரி, கண்டிக்கே திரும்பி வந்தது எதுவும் இல்லையா? உண்டு. 1818இல் ஊவா கிளர்ச்சியில் பிடிபட்ட கெப்பெட்டிபொல திசாவையைப் போகம்பறையில் சிரச்சேதம் செய்தார்கள். இராணுவ மருத்துவர் ஹென்றி மார்ஷல் மூலம் அவருடைய மண்டையோடு எடின்பரோவுக்குப் போய், மண்டையோட்டை அளந்து குணம் சொல்லும் சங்கம் ஒன்றின் அலமாரியில் கிடந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு திரும்பி வந்து, தலதா மாளிகைக்கு எதிரே நினைவுத்தூணில் வைக்கப்பட்டது. அந்த இடத்தில் நான் பெரிதாக விளக்கம் சொல்வதில்லை. பள்ளிப் பிள்ளைகள் தாங்களாகவே நிற்கிறார்கள், ஆசிரியர்கள் கதை சொல்கிறார்கள். கொழும்புக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் இதைக் காண முடியாது. அரண்மனை வளாகத்தில் இருக்கிற கண்டி தேசிய நூதனசாலைக்கு அந்தப் பீரங்கியை முறை வைத்தாவது, தலதா மாளிகையின் ஊர்வலத் திருவிழாவான எசல பெரஹெராக் காலத்திலாவது கொண்டுவர வேண்டும். ஆம்ஸ்டர்டாமிலிருந்து கொழும்புவரை வந்த பொருளுக்கு இன்னும் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான் பாக்கி.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இதெல்லாம் வேறு விதமாகப் படும். “அண்ணே, எங்க ஊர்லதான் ராஜா சமாதி இருக்கு” என்று வேலூர்க்காரர் ஒருவர் சந்தோஷமாகச் சொன்னார். கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தவன். பாலாற்றங்கரை முத்துமண்டபத்தை நான் பார்த்ததில்லை. அவர் அதற்கு முன் கண்டியைப் பார்த்ததில்லை. இருவரும் மகுல் மடுவவில் நின்று வெகு நேரம் பேசினோம்.

இனி என் சொந்தப் பக்கம். நான் தோட்டத்துப் பிள்ளை. என் முன்னோர் கோப்பிக் காலத்தில் தலைமன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். அவர்களுடைய பொருள் எதுவும் லண்டனில் தங்கமாக இல்லை. ஆனால் தோட்டத்தை நடத்திய பழைய வெள்ளைக்காரத் துரைமாரின் பேரப்பிள்ளைகள் தாத்தா இருந்த பங்களாவைத் தேடி ஆல்பத்தோடு வருகிறார்கள், நான்தான் கூட்டிப் போகிறேன். அந்த ஆல்பங்களில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்கும் ஆட்கள், கொழுந்துக் கூடையோடு பெண்கள், கங்காணியின் கோட்டு. துரையின் நாய்க்குக்கூடப் படத்தின் கீழ் பெயர் எழுதியிருக்கும், எங்கள் ஆட்களுக்கு இருக்காது. அந்தத் துரைமார் குடும்பங்களின் வீட்டுப் பெட்டிகளில் தோட்டத்து ஆட்களின் பெயர்ப்பட்டியலும் கணக்குப் புத்தகமும் கிடக்கின்றன என்று பேச்சுவாக்கில் சொல்வார்கள்.

1948 குடியுரிமைச் சட்டம் தகப்பன், அல்லது பாட்டனும் பூட்டனும் இந்த மண்ணில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. கையில் கடதாசி இல்லாததால் நாடற்றவர்களாக வாழ்ந்தே செத்துப் போனவர்கள் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தார்கள். அப்படிப்பட்ட ஒரு பட்டியல் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் பழைய ஞாபகமாக இருப்பதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதைக் கொள்ளை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது யாருடைய வாழ்க்கை என்ற கேள்வி பீரங்கிக்கு இருப்பதுபோல அதற்கும் இருக்கிறது.

அப்புறம் நானாகவே கேட்கத் தொடங்கினேன். படங்களையும் பட்டியல்களையும் ஸ்கேன் செய்து தோட்டப் பாடசாலைக்கும், கம்பளைக்குப் பக்கத்தில் இருக்கும் தோட்டத் தொழிலாளர் நூதனசாலைக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள் என்பேன். சிலர் முகம் சுளிப்பார்கள். ஒரு பெண்மணி ஊருக்குப் போனதும் முழு ஆல்பத்தையும் அனுப்பினார். தோட்டத்தில் உள்ள வயதான தலைவர் ஒருவரும் கோயில் பூசாரியும் சேர்ந்து, தெரிந்த முகங்களுக்குக் கீழே இப்போது பெயர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பிரதியைத் திரும்ப அந்தப் பெண்மணிக்கே அனுப்பப் போகிறோம், அவருடைய ஆல்பத்திலும் பெயர்கள் இருக்கட்டும்.