சனிக்கிழமை நாலு மணிக்குப் பிள்ளையை அனுப்புங்க

தாராவியில் தமிழ்ப் பெண்பிள்ளைகள் இருக்கும் ஒரு கைட்ஸ், அதாவது பெண் சாரணர், குழுவுக்கு நான் கேப்டன். சம்பளம் கிடையாது. வார நாட்களில் சயானில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், சனிக்கிழமை மாலை ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போகிறேன். முன்பு இந்தக் குழுவை நடத்திய டீச்சர் ஓய்வு பெற்றபோது, "நீ எடுத்துக்கோம்மா, இல்லாட்டி பிள்ளைங்க கலைஞ்சிடுவாங்க" என்றார். எடுத்துக்கொண்டேன்.

எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. திருநெல்வேலிப் பக்கம் பள்ளியில் நானும் கைட்ஸில் இருந்தவள். எட்டாம் வகுப்பில் வயதுக்கு வந்ததும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். கைட்ஸில் சேரும் வயது பத்து. அதற்குக் கீழே புல்புல், பெரியவர்கள் ஆனால் ரேஞ்சர். அதாவது கைட்டாக இருக்க வேண்டிய அதே வருடங்களில்தான் வீடு பெண்ணை உள்ளே இழுக்கிறது. நான் பார்த்தவரை பன்னிரண்டு, பதின்மூன்றில்தான் பிள்ளைகள் உதிர்கிறார்கள். அதனால் கேப்டனின் முக்கால்வாசி வேலை மைதானத்தில் இல்லை, வாசற்படியில்தான்.

90 அடி ரோட்டை ஒட்டிய சந்துகளில் எங்கள் பிள்ளைகள் வீட்டுக்கெல்லாம் நான் ஏறி இறங்கியிருக்கிறேன். "டீச்சர், பெரியவளாயிட்டா, இனி எதுக்கு?" என்று கேட்கும் அம்மாக்களிடம் பெண் உரிமை பேசினால் காரியம் நடக்காது. யார் கூட வருவார்கள், எத்தனை மணிக்கு விடுவீர்கள், கழிப்பறை இருக்கிறதா, மாதவிலக்கு நாளில் என்ன செய்வீர்கள் என்பதெல்லாம்தான் அவர்களுடைய கேள்விகள். எல்லாம் நியாயமான கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நேராகப் பதில் சொல்வேன். பிள்ளையை வீட்டு முனை வரை கொண்டுவந்து விடுவேன் என்றால் விட்டே ஆக வேண்டும். ஒருமுறை தவறினால் அந்தச் சந்தே கதவைச் சாத்திவிடும்.

பொறுப்பேற்றதும் தங்கிப் படிக்கும் அடிப்படைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே வளர்ந்த பெண்களையே அணி அணியாகப் பிரித்து, விறகடுப்பில் சமைக்கவும் கூடாரம் போடவும் வைக்கிறார்கள். ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணி, அதற்கு ஒரு லீடர் பெண். இந்த முறைதான் கைட்ஸின் உயிர் என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. லீடர்கள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து குழுவின் விஷயங்களை முடிவு செய்யும் கூட்டத்துக்கு 'கோர்ட் ஆஃப் ஹானர்' என்று பெயர். கேப்டன் அதில் உட்காரலாம், யோசனை சொல்லலாம். தீர்மானம் பிள்ளைகளுடையது.

எங்கள் கூட்டத்தில் பெரிய பிரச்சினையாக வந்தது தம்பி தங்கைகள். இடுப்பில் குழந்தையோடு வரும் பிள்ளைகள் பாதி நேரம் ஓரமாகவே நிற்பார்கள். "குழந்தையைக் கூட்டி வரக்கூடாதுன்னு சொன்னா அவ வரவே மாட்டா மிஸ்" என்றாள் பத்தாவது படிக்கும் ஒரு லீடர். அரை மணி நேரம் பேசி அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: வாரம் ஒரு அணி குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும், மற்றவர்கள் கைவீசி விளையாடுவார்கள். அந்தப் பிள்ளைகள் இடுப்புச் சுமை இல்லாமல் ஓடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குழந்தை பார்க்கும் அணிக்கும் அது வீண் நேரம் இல்லை. கீழே விழுந்து முட்டி தேய்த்தால் முதலுதவி அங்கேயே நடக்கிறது.

முதலுதவி என்றால் ஸ்கார்ஃப்தான். முக்கோணத் துணி, அடிபட்ட கையைத் தாங்கும் தூளியாகவும் ஆகும். அதைக் கட்ட ரீஃப் முடிச்சு: வலது நுனியை இடதின் மேல் சுற்றி, அப்புறம் இடதை வலதின் மேல். சரியாக வந்தால் முடிச்சு தட்டையாகப் படுக்கும், கழுத்தில் உறுத்தாது. இரண்டு தடவையும் ஒரே பக்கமாகச் சுற்றினால் புடைத்துக்கொண்டு நிற்கும், நழுவவும் செய்யும். இட்லி வியாபாரம் செய்யும் வீட்டுப் பெண் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டே இதைப் போடுவாள். முகாம் சமையலிலும் அவள்தான் எங்களுக்கு அதிகாரி.

பிள்ளைகளுக்குப் பிடித்த கதை 1909ஆம் ஆண்டுக் கதை. லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த சாரணர் பேரணிக்குச் சில பெண்பிள்ளைகள் கூப்பிடாமலே வந்து, எங்களுக்கும் வேண்டும் என்று நின்றார்கள். அடுத்த வருடம் பெண்களுக்கென்று இயக்கம் பிறந்தது. 1911இல் அது ஜபல்பூருக்கே வந்துவிட்டது. இதைச் சொல்லும்போதெல்லாம் "கூப்பிடாமலேவா மிஸ்?" என்று யாராவது ஒருத்தி கேட்காமல் இருப்பதில்லை.

இப்போது லீடர்கள் புனே போகத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். அங்கே 1966இல் திறந்த 'சங்கம்' என்ற கைட்ஸ் உலக மையம் இருக்கிறது, பல நாட்டுப் பெண்கள் வந்து தங்கும் இடம். தாதரில் ரயில் ஏறினால் கண்டாலா மலைச் சுரங்கப்பாதைகளைத் தாண்டிப் போய்விடலாம். பணத்துக்கு அணிகள் சேமிக்கத் தொடங்கியாயிற்று. அம்மாக்களில் பாதிப் பேர் சரி சொல்லிவிட்டார்கள், மீதிப் பேர் வீட்டுக்கு அடுத்த வாரம் போகிறேன்.

கூட வர இன்னொரு பெண் வேண்டும், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மாதுங்கா, சயான், ஆண்டாப் ஹில் பக்கம் இருக்கிறீர்களா? சனிக்கிழமை நாலு மணிக்கு மேல் ஒழிகிறதா? முடிச்சு போடத் தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை, பிள்ளைகள் கற்றுக்கொடுப்பார்கள். வீடு வீடாகப் போய்ப் பொறுமையாகப் பேச வந்தால் போதும்.