சுற்றி நின்ற சனம்

“வண்டி உங்கட தான் ஐயா, ஆனா சுத்தி நிக்கிற சனம் உங்கட இல்லை.” சுண்டிக்குளத்துக்கு அண்மையிலுள்ள தரவை எனும் உவர்வெளியில் புதைந்துபோன, பட்டா எனும் சிறிய லொறியின் சொந்தக்காரரான மீன் வியாபாரியிடம் நான் சொன்னது இவ்வளவுதான். சொன்னதன் நியாயத்தில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. அதைச் சொல்லும் உரித்து எனக்கு இருந்ததா என்ற கேள்விக்குத்தான் ஒரு நாள் ஒரு பதிலும் மறுநாள் வேறொரு பதிலும் வருகின்றன.

மாரி ஓய்ந்து தை, மாசியில் வெயில் ஏறும்போது வடமராட்சி கிழக்கின் தரவைகள் உப்புப் பூத்துக் காய்ந்து கிடக்கும். மேற்பரப்பு ஆளைத் தாங்கும், மோட்டார் சைக்கிளையும் தாங்கும். ஆனால் கீழே கடல்நீரேரியின் களி ஈரம் மாறாமல் இருப்பதால் சுமையேற்றிய வாகனம் போனால் அப்படியே உள்ளே இறங்கிவிடும். அன்றைக்கும் அதுதான் நடந்தது. பாதையைச் சுருக்க நினைத்த சாரதி சில்லைச் சுழற்றச் சுழற்ற, வாகனம் மட்காட் அளவுக்குத் தாழ்ந்து வயிற்றில் குந்திவிட்டது. பின்னால் றெஜிபோம் பெட்டிகளில் மீனும் ஐஸும் இருந்தன. கம்பிக்கயிற்றை உருளையில் சுற்றி இழுக்கும் வின்ச் பூட்டிய எங்கள் ஹைலக்ஸ் வாகனம் அவ்வழியே போனதால் உதவிக்கு நிறுத்தினோம். எங்களுக்கு முன்னரே ஒரு பெடியன் உழவு இயந்திரத்தோடும் சங்கிலியோடும் வந்திருந்தான். அச்சில் சங்கிலியைக் கொளுவி, அதைத் தளர்வாக விட்டு, ஓடிப்போய் ஒரே வெட்டில் இழுப்பது அவனுடைய எண்ணம். நான் மறித்தேன்.

“தம்பி, ஐஸ் கரையுது. பெடியன் ஒரு இழுவையில எடுத்துப்போடுவான். உடைஞ்சா என்ர வண்டிதானே உடையப்போகுது?” என்று வியாபாரி கேட்டார். அதற்குத்தான் மேலே எழுதிய பதிலைச் சொன்னேன்.

உடைவது வண்டி மட்டுமாக இருந்தால் அவர் சொன்னது முழுச் சரி. சங்கிலி நீண்டு கொடுக்காது. தளர்வோடு ஓடி இழுக்கும்போது உழவு இயந்திரத்தின் வேகம் முழுவதும் ஒரு கணத்தில் அதன் ஒரு கண்ணியிலோ கொக்கியிலோ வந்து விழும். வேகம் இரண்டு மடங்கானால் அந்த அடியிலுள்ள சக்தி நான்கு மடங்காகும். எது முறிகிறதோ அது பறக்கும், பறப்பது எந்தத் திசையில் போகும் என்று எவராலும் சொல்ல முடியாது. வாகனத்தைச் சுற்றி, சங்கிலிக்கு இரு பக்கமும், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் உட்பட ஊரே நின்றது.

எங்கள் வழி மெதுவானது. ஏற்றத்தோடு வாகனம் ஏறத்தாழ ஒன்றரைத் தொன் என்று வைத்துக்கொண்டேன். சில்லளவு புதைந்தால் வாகனத்தின் எடையளவுக்கும், மட்காட் அளவு புதைந்தால் அதன் இரு மடங்குக்கும் இழுவை வேண்டும் என்பது புதைந்த வாகனங்களை மீட்கும் வேலையில் கைக்கொள்ளும் கணக்கு. ஆகவே 3 தொன். எங்கள் வின்ச் 9,500 இறாத்தல், அதாவது 4.3 தொன் இழுக்கும் என்று எழுதப்பட்டிருந்தாலும், உருளையின் அடியிலுள்ள முதல் அடுக்கில் கயிறு இருக்கும்போதுதான் அந்த வலு கிடைக்கும்; மேலே அடுக்குகள் கூடக்கூட அது குறைந்துகொண்டே போகும். அதனால் பட்டாவில் கப்பியைப் பூட்டி, கம்பிக்கயிற்றை அதனூடாக எடுத்து மீண்டும் ஹைலக்ஸுக்கே கொண்டுவந்து கொளுவினோம். இழுவை இரட்டிக்கும், வேகம் பாதியாகும். ஹைலக்ஸ் வழுக்காமலிருக்க அதன் பின்புறத்தை ஒரு பனையின் அடியில் அகலப் பெல்ட்டால் கட்டினோம். சில்லுகளுக்கு முன்னால் களியை வெட்டி அகற்றிப் பனை மட்டைகளைச் செருகினோம். கயிறு அறுந்தால் துள்ளாமலிருக்க நனைத்த சாக்குகளை அதன்மேல் போட்டோம். எடையைக் குறைக்க மீன் பெட்டிகளையும் இறக்கச் சொன்னேன். அவற்றை வைக்க அந்தத் தரவையில் பனையின் மெல்லிய நிழலைத் தவிர வேறு நிழல் இல்லை.

கயிறு இறுகுவதற்கு முன்னர், அதன் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு எல்லோரும் விலக வேண்டும் என்று சத்தமாகச் சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. இரண்டாம் முறை சொன்னபோதும் சிலர் கயிற்றைக் கடந்து மறுபக்கம் போனார்களேயொழிய விலகவில்லை. அப்போது வியாபாரி, என்னைப் பார்க்காமல், “எல்லாரும் அங்கால போங்கோ, பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போங்கோ” என்றார். ஒரே தரம்தான் சொன்னார். எல்லோரும் போனார்கள்.

அவருடைய சனம் இல்லை என்று நான் சொன்ன சனம் அவருடைய சொல்லுக்குத்தான் விலகியது. 2004 ஆழிப்பேரலையிலும் அதற்குப் பின் மீண்டும் மூண்ட போரிலும் ஒருவரையொருவர் தேடித் திரிந்த ஊர்கள் அவை. யாழ்ப்பாண நகரிலிருந்து வந்த நான், அங்கே யார் யாருக்கு உரியவர் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். ஆயினும் உரிமை என்று நான் கருதியது உறவை அல்ல. தன் வண்டியைப் பணயம் வைக்கச் சம்மதிக்க அவரால் முடியும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கண்ணைப் பணயம் வைக்கும் சம்மதத்தை அவராலும் கொடுக்க முடியாது, அந்தப் பிள்ளையின் தகப்பனாராலும் கொடுக்க முடியாது என்றே நினைக்கிறேன். இப்படி எழுதும்போது நியாயம் தெளிவாகத்தான் இருக்கிறது. அவர் குரல் நினைவுக்கு வந்தால் அந்தத் தெளிவு நிற்பதில்லை.

வாகனம் மேலே வர இரண்டு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. ஒன்றும் அறவில்லை, ஒருவருக்கும் காயமில்லை. அடியிலிருந்த பெட்டிகளின் மீன் சந்தைக்கு உதவாது என்று அவரே பிரித்து வைத்தார். சில மாதங்களின் பின், அதே பெடியன் அதே சங்கிலியால் அதே தரவையில் இன்னொரு வாகனத்தை நொடியில் இழுத்தெடுத்தான் என்று கேள்விப்பட்டேன். ஒரு தடவை முறியாத சங்கிலி மறுதடவையும் முறியாது என்பதற்கு அது சாட்சியாகாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கும் அது முறியாமலே இருந்திருக்கலாம் என்பதை நான் எப்படி மறுப்பேன்?

புறப்படும்போது அவர் கோபப்படவில்லை. “உங்கட முறை நல்ல முறைதான் தம்பி. ஆனா அதின்ர செலவை ஏன் நான் கட்டோணும்?” என்று மட்டும் கேட்டார். அதன் பின்னர் புதிய சாரதிகளுக்கு மீட்பு வேலை பழக்கும்போது, கயிற்றை எடுக்கும் முன்னரே ஊரில் சொல் கேட்கப்படும் ஒருவரைக் கண்டுபிடித்து, சனத்தை விலக்கும் பொறுப்பை அவரிடம் கொடுக்கச் சொல்கிறேன். செலவைப் பற்றிய கேள்வியை அலுவலகத்துக்கு எழுதினேன். எங்கள் மீட்பு அறிக்கைப் படிவத்தில் கயிற்றுக்கும் அதைக் கொளுவும் இரும்பு வளையமான ஷக்கிளுக்கும் வாகனச் சேதத்துக்கும் இடம் உண்டு; நாங்கள் எடுத்த நேரத்தால் மற்றவருக்கு வரும் நட்டத்துக்கு இடமில்லை. அதைச் சேர்க்கும்படி கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.