தாண்டிக்குடி வழியாக

கொடைக்கானலுக்கு எல்லோரும் வத்தலக்குண்டு காட்ரோட்டில்தான் போகிறார்கள். பைக் ஓட்டுகிற சுகம் வேண்டுமென்றால் சித்தரேவு, பெரும்பாறை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று சுற்றிக்கொண்டு போகணும். ரோடு குறுகல்தான். எதிரே பஸ் வந்தால் ஓரங்கட்டி நிற்க வேண்டும். நிற்கலாமே, என்ன அவசரம்?

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு டிகிரி போலக் குறையும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. பைக்கில் அது முதலில் விரல் முட்டிகளில் தெரியும். அப்புறம் மூக்கு. மார்ச், ஏப்ரலில் ஒரு மழை பெய்து காபி பூத்திருந்தால் தோட்டம் முழுக்க மல்லிகை மாதிரி மணக்கும். அடுத்த வளைவில் ஈர மண், அதற்கடுத்து டீக்கடை விறகுப் புகை. கண்ணாடியை ஏற்றிவிட்ட காருக்குள் இதில் பாதிகூட வராது.

ஹெல்மெட்டுக்குள் மனசு தனி தினுசு. பாதி ரோட்டில் இருக்கும்: மணல் கிடக்கிறதா, மாடு நிற்கிறதா. மீதி அதுபாட்டுக்கு எங்கேயோ அலையும். என்றைக்கோ நடந்த ஆபீஸ் சண்டைக்குச் சரியான பதில் அப்போதுதான் தோன்றும். கொண்டை ஊசி வளைவு வந்ததும் பதிலும் போய்விடும், சண்டையும் போய்விடும்.

இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டுகிறவர்களைப் பார்த்தால்தான் எரிச்சல் வரும். செகண்ட் கியரில் விடுங்கள், இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும், பிரேக்கும் சூடாகாது. அந்த உறுமலைக் கேட்டபடி இறங்குவது தனி சுகம். பெட்ரோலை மட்டும் கீழேயே போட்டுக்கொள்ளுங்கள்.