சென்னையைக் காலி செய்யும் முன்: ஊர் தேடும் நாட்குறிப்பு

மார்ச் 3, 2025

ஊர்ப் பெயர்களை எழுதிப் பார்ப்பதற்கு முன் ஒரு எண்ணை எழுதிக்கொள்ள வேண்டும்: மாதத்துக்கு எத்தனை தடவை சென்னைக்குத் திரும்பி வர வேண்டியிருக்கும்? ஆபீஸ் கூப்பிடுவது, பெற்றோரின் செக்கப், கோர்ட் வாய்தா, கல்யாணம், காதுகுத்து எல்லாமே இதில் சேர்த்தி.

சென்னையில் 25,000 வாடகை, போகிற ஊரில் 13,000 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 12,000 மிச்சம். ஒரு தடவை போய்வர ரயில், ஆட்டோ, சாப்பாடு என்று 3,000 ஆனால் நாலு தடவையில் மிச்சம் மொத்தமும் தீர்ந்தது. ராத்தங்கினால் கைக்காசு. வாடகை குறைவு என்று தூரத்து ஊருக்குப் போய் மாட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போடாதவர்கள்தான்.

வாரம் ஒருமுறை வர வேண்டியவர் காட்பாடி, விழுப்புரம், புதுச்சேரியைத் தாண்டக் கூடாது. மாதம் இரண்டு தடவை என்றால் சேலம், திருச்சி வரை போகலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும் என்பவருக்குத்தான் கோவை, மதுரை, திருநெல்வேலி, தென்காசி. கோவைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

மார்ச் 10

கிலோமீட்டரை விட்டுவிட்டு ரயில் அட்டவணையைப் பார்ப்பது நல்லது. கோவையிலிருந்து காலை 6 மணிக்குக் கிளம்பும் வந்தே பாரத் 11.50க்கு சென்ட்ரல் வந்துவிடுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. திரும்பும் வண்டி 2.25க்கு. நடுவில் கிடைக்கும் இரண்டரை மணி நேரத்தில் கிண்டி போய் ஒரு மீட்டிங் முடித்து வர முடியாது. புதன்கிழமை அந்த வண்டியே கிடையாது. ஆக, ஒரு நாள் வேலைக்கு வர சேரனோ நீலகிரியோ பிடித்து, இரண்டு ராத்திரி ரயிலில் கழிக்க வேண்டும். திருச்சிக்கும் ராத்திரி வண்டிதான் வழி, ஆனால் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடியற்காலை எழும்பூர், பகலில் வேலை, அன்றிரவே திரும்பலாம். தூரம் குறைவு என்பதால் உடம்பு தாங்கும்.

காட்பாடிக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. மாதாந்திர சீசன் டிக்கெட் 150 கி.மீ. வரைதான் தருவார்கள். சென்ட்ரலிலிருந்து காட்பாடி சுமார் 130. எழும்பூரிலிருந்து விழுப்புரம் 159, எல்லை தாண்டிவிடும். தாம்பரத்திலிருந்து எடுத்தால் விழுப்புரமும் உள்ளே வரும். சீசன் டிக்கெட்டோடு எந்த வண்டியில், எந்தப் பெட்டியில் ஏறலாம் என்பதை ஸ்டேஷனிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். ரிசர்வேஷன் பெட்டியில் ஏறினால் அபராதம்.

முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கும், 2024 நவம்பருக்கு முன் 120 நாள். ஞாயிறு ராத்திரி சென்னை வரும் வண்டிகள் சீக்கிரமே வெயிட்டிங் லிஸ்ட் போய்விடும். ஆபீஸ் நாளைத் தேர்வு செய்யும் உரிமை இருந்தால் செவ்வாய், புதன் கேட்டு வாங்குங்கள். தட்கல் ஏ.சி.க்கு முந்தின நாள் காலை 10, மற்றதுக்கு 11. பஸ்ஸை நம்புகிறவர்கள் கிளாம்பாக்கத்தைக் கணக்கில் வைக்க வேண்டும். 2023 டிசம்பர் கடைசியில் திறந்தது முதல் தெற்கிலிருந்து வரும் பஸ்களின் பயணம் பெரும்பாலும் அங்கேயே முடிகிறது, ஊருக்குள் வர இன்னும் ஒரு மணி நேரம்.

மார்ச் 19

தண்ணீர். இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் வீடு பார்க்கும் நாளில் எல்லா வீட்டுக் குழாயிலும் தண்ணீர் வரும்.

கோவையில் வீடு பார்த்தால் முதல் கேள்வி: சிறுவாணியா, பில்லூரா, வேறு திட்டமா? இரண்டாவது: எத்தனை நாளைக்கு ஒருமுறை? பல வீடுகளில் நல்ல தண்ணீருக்கு ஒரு குழாய், போர் போட்ட உப்புத் தண்ணீருக்கு ஒரு குழாய் என்று இரண்டு இருக்கும். தொட்டிக் கணக்கு எளிது. ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களில் வைக்கும் அளவு. நாலு பேருக்கு 540. எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வந்து, போரும் இல்லையென்றால் 4,320 லிட்டர் பிடித்து வைக்க வேண்டும், அதாவது 5,000 லிட்டர் சம்ப். உப்புத் தண்ணீர் தனியாக இருந்தால் குடிக்க, சமைக்க நாளைக்கு 50 லிட்டர் போதும். 500 லிட்டர் சின்டெக்ஸ் தாராளம். சம்ப் இரண்டு குடித்தனத்துக்குப் பொது என்றால் கணக்கை இரண்டால் பெருக்குங்கள்.

குளியலறையில் குழாயின் வாயை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று வெள்ளையாகப் படிந்திருந்தால், ஷவரின் துவாரங்களில் பாதி அடைத்திருந்தால், கீசரைத் திறக்காமலே உள்ளே காயிலில் சுண்ணாம்பு ஏறியிருப்பது தெரிந்துவிடும். புதிதாகக் குழாய் மாற்றியிருந்தால் வாளியின் உள்பக்க வளையத்தையும் மாடித் தொட்டியின் மூடியையும் பாருங்கள், அவற்றை யாரும் மாற்ற மாட்டார்கள். பழுப்புக் கறை என்றால் பெரும்பாலும் இரும்பு.

சில நூறு ரூபாய்க்கு டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கும். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை. ஆனால் மீட்டர் கரைந்த உப்பின் மொத்தத்தைத்தான் சொல்லும். தோல் தொழிற்சாலைக் குரோமியத்தையோ கிருமியையோ பிரித்துக் காட்டாது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பாலாற்றோரமும், திருப்பூருக்குக் கீழே நொய்யல் ஓரமும் போர்த் தண்ணீரை நம்பி வீடு எடுப்பதென்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் மாதிரி கொடுத்துப் பார்த்துவிடுவதே நல்லது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011இல் உயர் நீதிமன்றம் உத்தரவு போடும் அளவுக்குப் போன ஆறு அது.

மார்ச் 30

கரண்ட் பில்லில் ஒரு ஓட்டை இருக்கிறது. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், 500 யூனிட் தாண்டினால் கீழ்ப்படிகளின் சலுகையும் குறைந்து பில் எகிறும். ஒரே இணைப்பில் மூன்று குடித்தனம் வைத்து, சப்மீட்டர் மாட்டி யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் வசூலித்தால் இலவசமும் போச்சு, 500ஐத் தாண்டிய ரேட்டும் உங்கள் தலையில். தனி சர்வீஸ் நம்பர் இருக்கிறதா என்று கேட்டு, அந்த எண்ணில் பாக்கி நிற்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முக்கியம். காலை 9 மணிக்குப் போனால் மத்தியானம் 2, சில நாள் சாயங்காலம் வரை. 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரியில் காகிதக் கணக்கு 1,800 வாட்-அவர். இன்வெர்ட்டர் இழப்பும், பேட்டரியை அடிவரை இறக்கக் கூடாது என்பதும் போக 1,100தான் கைக்கு வரும். பழைய ஃபேன் 75, லேப்டாப் 60, ரவுட்டர் 15 என்று 150 வாட் இழுத்தால் ஏழு மணி நேரம். ஃபேனை 30 வாட் பி.எல்.டி.சி.யாக மாற்றினால் பத்து. இவ்வளவு செய்தும் நெட் நிற்கும், தெருமுனையில் கேபிள்காரர் பெட்டிக்கு பேக்கப் இல்லையென்றால். ரவுட்டரில் லாஸ் விளக்கு, அதாவது லைன் வரவில்லை என்று காட்டும் விளக்கு, சிவப்பாக எரியும். வேறு கம்பெனி சிம் ஒன்று கையில் இருக்கட்டும், அதற்கு வீட்டுக்குள் சிக்னல் வருகிறதா என்று பின்னறையில் நின்று பாருங்கள். வாசலில் எல்லோருக்கும் வரும்.

ஏப்ரல் 7

பள்ளிக்கூடம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பத்து, பன்னிரண்டு படிக்கும் பிள்ளை இருந்தால் அந்த வருடம் நகரக் கூடாது. சி.பி.எஸ்.இ.யில் அந்த வகுப்புகளில் நடுவில் சேர போர்டு அனுமதி வேண்டும். மற்ற வகுப்புகளுக்கு டி.சி. கேட்கும்போதே பள்ளிக் கல்வித் துறைக் கணினியில் பிள்ளைக்கு உள்ள இ.எம்.ஐ.எஸ். எண்ணையும் குறித்து வாங்குங்கள், பழைய பள்ளி கணினியில் விடுவிக்காமல் புதிய பள்ளி பெயரை ஏற்ற முடியாது. மே மாதம் ஆபீஸ் ரூமில் ஆள் இருக்க மாட்டார்கள்.

ஏப்ரல் 21

அட்வான்ஸ். சென்னையில் பத்து மாத வாடகை என்பது பழைய வழக்கம். 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள், அதுதான் சங்கதி. பழைய அட்வான்ஸ் சாவி கொடுத்த பிறகுதான் வரும், புது அட்வான்ஸ் சாவி வாங்கும் முன் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஓரிரண்டு லட்சம் சும்மா நிற்கும். இந்தப் பணம் கையில் இல்லாமல் நோட்டீஸ் கொடுக்காதீர்கள்.

மதுரை, திருச்சிப் பக்கம் ‘ஒத்திக்கு வீடு’ என்று வரும். லட்சக்கணக்கில் மொத்தமாகக் கொடுத்து, வாடகையில்லாமல் இருந்து, காலி செய்யும்போது பணத்தைத் திரும்ப வாங்குவது. வெறும் பத்திரத்தாளில் எழுதிக்கொண்டால் ஓனர் பேங்க் கடனில் மாட்டும்போது உங்கள் பணம் வரிசையில் கடைசி. வில்லங்கம் போட்டுப் பார்த்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த சுவாதீன அடமானமாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

முதல் வருடம் சொந்த வீடு வேண்டவே வேண்டாம். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 50 லட்சத்துக்கு நாலரை லட்சம். ஊர் ஒத்துவராமல் விற்றால் அது போனதுதான். மனை வாங்கியே தீருவேன் என்றால் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். 2016 அக்டோபர் 20க்குப் பிறகு போட்ட அங்கீகாரமில்லாத லேஅவுட் வரன்முறைத் திட்டத்துக்குள்ளேயே வராது.

மே 5

அக்னி நட்சத்திரம் நேற்று தொடங்கிவிட்டது. வீடு பார்க்கச் சரியான மாதம் இதுதான். தை மாதத்தில் வேலூர் கூட ஊட்டி மாதிரி இருக்கும். மேல்மாடி என்றால் மத்தியானம் 3 மணிக்குப் போய்ப் படுக்கையறை மேற்குச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள். வைத்து எடுக்க முடியாத சூடு என்றால் அந்த அறையில் ஏ.சி. ராத்திரி முழுக்க ஓட வேண்டும், 500 யூனிட் தாண்டியாகிவிட்டது. வேலூர், திருச்சி, மதுரை மூன்றும் 40 டிகிரி பார்க்கிற ஊர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜூனில் கோவைக்கு வந்துவிடும். தென்காசிக்குச் சாரல். ஆகஸ்ட் வரை சுகம்.

மழைக்கு நேர்மாறான பயணம் வேண்டும், ஐப்பசி கார்த்திகையில். சென்னை வெள்ளத்துக்குப் பயந்து தெற்கே போகிறவர்கள் 2023 டிசம்பர் 17, 18ஐ நினைவில் வைக்கட்டும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது, தாமிரபரணிக் கரை ஊர்கள் மூழ்கின. திருச்சியில் கோரையாறு 2005இல் உள்ளே வந்த பகுதிகள் இருக்கின்றன. காம்பவுண்டுச் சுவரில் பழைய தண்ணீர்க் கோடு தெரியாவிட்டால் தெருவில் இஸ்திரி போடுபவரிடம் கேளுங்கள். அவருக்கு வீடு விற்கவும் வேண்டாம், வாடகைக்கு விடவும் வேண்டாம்.

மே 12

திருச்சி பஞ்சப்பூர் பேருந்து முனையத்துக்கு 9ஆம் தேதி திறப்பு விழா நடந்துவிட்டது. பஸ்கள் அங்கே போன பிறகு மத்தியப் பேருந்து நிலையத்தைச் சுற்றி ‘பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போகலாம்’ என்று சொல்லிக் கேட்கிற வாடகைக்கு அர்த்தமிருக்காது. எடமலைப்பட்டிப்புதூர்ப் பக்கம் விலை ஏறும். இப்போது ஒப்பந்தம் போடுகிறவர்கள் பழைய நிலையத்தை வைத்து வீடு தேட வேண்டாம்.

ஆஸ்பத்திரி: எத்தனை படுக்கை என்பதை விட, ராத்திரி என்ன ஓடும் என்பதுதான் கேள்வி. ராத்திரி 11 மணிக்குப் போன் செய்து, இதய ரத்தக்குழாய் அடைப்பை எடுக்கும் கேத் லேப் இப்போது ஓடுமா, இதய டாக்டர் எவ்வளவு நேரத்தில் வருவார், சி.டி. ஸ்கேன் உண்டா என்று கேளுங்கள். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தென்காசி மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை, பெரிய கேஸ் என்றால் 50 கி.மீ.க்கு மேல் திருநெல்வேலிக்கு ஓட வேண்டும். இதய நோயாளி இருக்கும் வீட்டுக்குக் குற்றாலச் சாரலை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மே 20

எச்.ஆர்.ஏ., அதாவது வீட்டு வாடகைப் படிக்கான வரிவிலக்கு, பழைய வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்: சென்னையில் அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் வரை, மற்ற தமிழக ஊர்களில் 40. உண்மையில் அடிப்பது வேறு விதி, வாடகையில் அடிப்படைச் சம்பளத்தின் 10 சதவீதத்தைக் கழித்தது. அடிப்படை 50,000, வாடகை 25,000 என்றால் 20,000 வரிவிலக்கு. வாடகை 13,000 ஆனால் 8,000தான். மிச்சம் என்று நினைத்த 12,000இல் ஒரு பங்கு வரியாகத் திரும்பிப் போகும். ஊர் மாறினால் சம்பளம் மாறுமா என்று கம்பெனியிடம் மெயிலில் பதில் வாங்குங்கள், வாய்வார்த்தை வேண்டாம்.

இன்னொன்று, யாரும் விளம்பரத்தில் போடாதது. சின்ன ஊர்களில் ‘நீங்க என்ன ஆளுங்க’, ‘கவுச்சி சமைப்பீங்களா’ என்ற கேள்வி சென்னையை விட நேரடியாக வரும். முஸ்லிம் குடும்பம், தனியாக இருக்கும் பெண் என்றால் பாதி வீடு போனிலேயே ‘முடிஞ்சிருச்சு’ ஆகிவிடும். வீடு தேட ஒதுக்கும் நாட்களை அதற்கேற்பக் கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பது கேவலம்தான், ஆனால் நிலவரம் அது.

மே 26

பள்ளி ஜூன் 2 திறக்கிறது, லாரிக்காரர்கள் ரேட் ஏற்றும் வாரம். இரண்டு படுக்கையறைச் சாமானுக்கு 14 அடி வண்டி, மரச்சாமான் அதிகம் என்றால் 17. எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, டோல் யார் தலையில், பிரித்து மாட்டும் கூலி சேர்த்தியா என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். மற்றவர்கள் சாமானோடு ஒரே லாரியில் போகும் பார்ட் லோடு மலிவு, ஆனால் சாமான் எந்த நாள் வரும் என்பது அவர்கள் இஷ்டம். பொருட்களை எண்ணிப் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கி, கடைசித் தவணையை இறக்கிய பிறகு கொடுங்கள். பழைய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜி.எஸ்.டி.யில் எடுக்கும் சீட்டு) தேவையில்லை, வழியில் அதற்கென்று காசு கேட்டால் தர வேண்டாம்.

ஃபிரிட்ஜை முந்தின நாளே நிறுத்தி வடிய விட்டு, நிமிர்த்தியே ஏற்ற வேண்டும். பைக்கை ரயிலில் போடுவதென்றால் பெட்ரோல் டாங்கைக் காலி செய்து, ஆர்.சி., அடையாள அட்டை நகல்களோடு பார்சல் ஆபீஸ் போக வேண்டும். சாக்கு கட்டித் தர வாசலிலேயே ஆட்கள் இருப்பார்கள். ஹேண்டில் கண்ணாடியை முதலில் கழற்றி வீட்டுச் சாமானோடு அனுப்பிவிடுங்கள், உடைவது அதுதான். காஸ் சிலிண்டர் லாரியில் போகாது. ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து டிரான்ஸ்ஃபர் வவுச்சர் வாங்கிக்கொண்டு, புது ஊரில் அதே கம்பெனி ஏஜென்சியில் கொடுக்க வேண்டும்.

சாவி கொடுக்கும் அன்று ஈ.பி. மீட்டர் ரீடிங்கை சர்வீஸ் நம்பரோடு போட்டோ எடுத்து, ஓனர் முன்னாலேயே அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை பிடிப்பார்கள். ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று இன்று ராத்திரியே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.