நாலாம் மாடியில் ஒரு ஒலிப்பதிவு அறை: ரங்கூன் நாட்குறிப்பு

ஜூன் 7, 2025, சனி

கடையில் போய் "ஸ்டூடியோ மானிட்டர் இருக்கா?" என்று கேட்டேன். பையன் வரிசையாகக் கணினித் திரைகளைக் காட்டினான். அவன்மேல் தப்பில்லை. இந்த வேலையில் திரைக்கும் மானிட்டர் என்றுதான் பெயர், பாட்டுக் கேட்டுச் சரிபார்க்கும் ஸ்பீக்கருக்கும் அதே பெயர். எனக்கு இரண்டும் வேண்டும் என்பதால் இரண்டின் விலையையும் எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன்.

எதற்கு என்று முதலில் எழுதி வைக்கிறேன். எங்கள் கோயிலில் பெரியம்மாவும் இன்னும் மூன்று பேரும் அம்மன் பாட்டுப் பாடுகிறார்கள். பம்பையும் உடுக்கையும் கூட வரும். பாதிப் பாட்டு எந்த ஏட்டிலும் இல்லை. பெரியம்மாவுக்கு அவருடைய மாமியார் வாய்வழியாகச் சொல்லிக் கொடுத்தது. போன ஆடியில் நான் பதிவு செய்து, ஹெட்ஃபோனில் கேட்டுக் கேட்டே மிக்ஸ் செய்தேன், அதாவது குரலையும் பம்பையையும் அளவு பார்த்துக் கலந்தேன். ஹெட்ஃபோனில் பம்பையின் அடிச்சத்தம், அதாவது கனத்த தாழ்ந்த ஒலி, நெஞ்சில் வந்து இடிக்காது, காதில் மட்டும்தான் கேட்கும். அதனால் குறைவாக இருக்கிறதென்று ஏற்றிவிட்டேன். கோயில் ஸ்பீக்கரில் போட்டால் தும்தும் என்று பம்பை மட்டும். பெரியம்மா பாடிய சொல் ஒன்றுகூடப் புரியவில்லை. அவர் எதுவும் சொல்லாமல் பிரசாதம் வாங்கிக்கொண்டு போனார். அது இன்னும் மனசில் இருக்கிறது.

இந்த வருஷம் ஆடி முதல் வெள்ளி ஜூலை 18. அதற்குள் சரியாகச் செய்ய வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன்னால் வீட்டை அளந்தேன். ரங்கூன் டவுனில் பாதி வீடுகளைப் போலத்தான் எங்களுடையதும்: பன்னிரண்டரை அடி அகலம், ஐம்பது அடி நீளம், தடுப்பில்லாத ஒரே ஹால். முன்னால் பால்கனி, பின்னால் சமையல்.

ஒலி நொடிக்குச் சுமார் 1125 அடி போகும். இரண்டு சுவருக்கு நடுவில் போய்த் திரும்ப இருபத்தைந்து அடி. வகுத்தால் 45 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 45 அதிர்வு. அந்தச் சுருதியில் அகலவாக்கில் அறை தானாகவே பாட ஆரம்பித்துவிடும். அதன் இரட்டிப்பு 90 ஹெர்ட்ஸ். கணக்கு உண்மையா என்று பார்க்க மச்சானின் பெரிய ஸ்பீக்கரைக் கடன் வாங்கி, ஒரு சுவரோரமாக வைத்து, 45 ஹெர்ட்ஸ் சத்தத்தை மட்டும் தொடர்ந்து ஓடவிட்டு நடந்தேன். சுவர் பக்கம் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. நட்டநடுவில் வந்து நின்றால் சத்தம் காணாமல் போகிறது. யாரோ ஸ்விட்சை அணைத்த மாதிரி! 90-க்கு மாற்றினேன். இப்போது நடுவில்தான் பெருத்துக் கேட்கிறது, கால்பாக அகலத்தில் நின்றால் இளைத்துவிடுகிறது.

இடதும் வலதும் சமமாகக் கேட்க வேண்டுமானால் நான் நடுவில்தான் உட்கார்ந்தாக வேண்டும். ஆக 45 எனக்குக் கேட்காது, 90 இருப்பதைவிடப் பெரிதாகக் கேட்கும். எத்தனை லட்சம் கியாட் போட்டு ஸ்பீக்கர் வாங்கினாலும் இது மாறாது.

முன்பு மேசையை நீளச் சுவரில் சாய்த்துப் போட்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஆறு அடியில் எதிர்ச்சுவர். அதில் பட்டுத் திரும்பும் ஒலி பாட்டோடு கலந்து குழப்பும். இன்று மேசையைத் திருப்பி, நீளவாக்கில் பார்க்கப் போட்டாயிற்று. பின்னால் முப்பது அடிக்கு மேல் காலி இடம். இந்த வீட்டின் வடிவத்தில் ஒரு நல்ல விஷயம் அதுதான்.

ஜூன் 14, சனி

மூன்று கடை ஏறி இறங்கினேன். மழை விடவே இல்லை.

முதல் கடையில் ஜப்பானிலிருந்து வந்த பழைய சாமான்கள். அங்கே யமஹா என்எஸ்-10எம் ஜோடி ஒன்று, அந்த வெள்ளைக் கூம்போடு. பார்த்ததும் கை தானாகப் போய்த் தொட்டது. 1978-ல் வீட்டுக்கான ஸ்பீக்கராக வந்து, உலகம் முழுக்க ஒலிப்பதிவு அறைகளில் உட்கார்ந்துகொண்டது. கூம்புக்கான மரக்கூழ் கிடைக்காமல் 2001-ல் தயாரிப்பை நிறுத்தினார்கள். ஓட்டையில்லாத மூடிய பெட்டி, அடிச்சத்தம் குறைவு, பாடகர் குரலில் உள்ள குற்றத்தை மறைக்காமல் காட்டிவிடும். ஆனால் அதற்குத் தனியாக ஆம்ப்ளிஃபையர் வேண்டும். கடையில் இருந்த ஆம்ப் ஜப்பானுக்கென்று செய்தது, 100 வோல்ட். நம் ஊரில் 230. நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைக்க வேண்டும், அது ஒரு சுமை, அதன் இரைச்சல் இன்னொன்று. ஆசையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

இரண்டாவது கடையில் ஒரு முறை கைமாறிய யமஹா எச்எஸ்5 ஜோடி, நல்ல விலை. என் ஃபோனில் பெரியம்மா குரல் மட்டும் உள்ள பதிவை மோனோவாக வைத்திருந்தேன். இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம் என்றால் குரல் இரண்டுக்கும் நடுவில் தொங்க வேண்டும். தொங்கவில்லை. இடப் பக்கம் சாய்ந்தே இருந்தது. கேபிளை மாற்றிச் சொருகினேன், அப்போதும் இடம்தான். வலது பெட்டியில் காதை வைத்தேன். "ச" சொல்லும் இடமெல்லாம் மழுங்கி வந்தது. ட்வீட்டர், அதாவது மெல்லிய உச்ச ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கர், போயிருக்கிறது. கடைக்காரர் "அது அப்படித்தான் இருக்கும்" என்றார். பழைய ஜோடி வாங்கப் போகிறவர்கள் யாராக இருந்தாலும் மோனோவில் ஒரு மனுஷக் குரலைக் கொண்டு போங்கள். மத்தளமும் கீபோர்டும் கலந்த பாட்டில் இதைப் பிடிக்க முடியாது.

மூன்றாவது கடையில் புதுசு, எச்எஸ்5-உம் எச்எஸ்8-உம். ஒன்றில் கூம்பு ஐந்து அங்குலம், மற்றதில் எட்டு. எட்டு அங்குலம் கேட்கப் பிரமாதம், 38 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். ஐந்து அங்குலம் 54-ல் நின்றுவிடும். கடையில் யாரும் எட்டைத்தான் தூக்குவார்கள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை அளந்தது ஞாபகம் வந்தது. 38-க்கும் 54-க்கும் நடுவில்தான் என் அறை பொய் சொல்கிறது. அந்த இடத்தில் இன்னும் சத்தத்தைக் கொட்ட நான் ஏன் காசு கொடுக்க வேண்டும்? இன்னொன்று, எச்எஸ்5-க்குப் பின்னால் ஒரு ஸ்விட்ச் உண்டு. 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே 2 அல்லது 4 டெசிபல் குறைத்துக்கொள்ளலாம். சுவரை ஒட்டி வைக்க வேண்டிய வீட்டுக்கு அது பெரிய உதவி. கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு ரப்பரா என்று விரலால் அழுத்தியும் பார்த்தேன். நுரை விளிம்பு நம் மழைக்காலத்தில் உளுத்து உதிர்ந்துவிடும், மாமா வீட்டு ரேடியோ செட் அப்படித்தான் போனது.

ஜூன் 17, செவ்வாய்

இன்று நாலு மணி நேரம் கரண்ட் இல்லை. பேட்டரி கணக்குப் போட உட்கார்ந்தேன்.

என்னிடம் இருப்பது 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரி. பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும், அதனால் கைக்கு வருவது 600 வாட்-மணி. லேப்டாப் 45 வாட், இருபத்து நாலு அங்குலத் திரை 20, சின்ன ஸ்பீக்கர் இரண்டும் மெல்லக் கேட்கும்போது 30 என்று வைத்தேன். இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் 110. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். அகலத் திரையும் எட்டு அங்குலமும் என்றால் 160-ஐத் தாண்டும், நாலு மணி நேரத்துக்குள் பேட்டரி படுத்துவிடும். கரண்ட் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் எல்லாம் அணைந்தால் என்ன பிரயோஜனம்?

ஸ்பீக்கர் எது என்பது இன்றோடு முடிந்தது.

ஜூன் 22, ஞாயிறு

திரை. சின்னம்மா பையன் முப்பத்து நாலு அங்குல அகலத் திரையைத்தான் வாங்கச் சொல்கிறான், பாட்டு முழுவதும் ஒரே நீளமாகத் தெரியுமாம். உண்மைதான், ஆனால் அது ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். என் மேசை 120. ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் 17. கூட்டினால் 114, நெருக்கியடிக்கும். இரண்டு ஸ்பீக்கரும் என் தலையும் சமபக்க முக்கோணமாக இருக்க வேண்டும், ட்வீட்டர் காது உயரத்தில் இருக்க வேண்டும். அவற்றின் நடுவில் இவ்வளவு பெரிய கண்ணாடிப் பலகையை நிறுத்தினால் ஒலி அதில் பட்டுச் சிதறும். இரண்டு திரை வைத்தால் இன்னும் மோசம், தலை எப்போதும் ஒரு பக்கம் திரும்பியே இருக்கும்.

இருபத்து நாலு போதும். 53 சென்டிமீட்டர் அகலம். ஐபிஎஸ் வகை, அப்போதுதான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் பெரியம்மாவுக்கும் நிறம் வெளிறாமல் தெரியும். கணினி விளையாட்டு ஆடுகிறவர்களுக்கான வேகம் எனக்கு வேண்டாம், நொடிக்கு 60 முறை படம் மாறும் 60 ஹெர்ட்ஸ் தாராளம். புள்ளிகள் மிக நெருக்கமான 4கே-யும் வேண்டாம், பழைய மென்பொருள்களின் பொத்தானெல்லாம் அதில் கடுகளவு ஆகிவிடுகிறது. நான் உறுதியாகக் கேட்ட ஒன்று, மின்சாரம் வெளி அடாப்டரில் வர வேண்டும், 19 வோல்ட். நாளைக்கு இன்வெர்ட்டர் இல்லாமல், 12-ஐ 19 ஆக ஏற்றிப் பேட்டரியிலிருந்தே கொடுக்க வழி இருக்கும்.

கடையில் இன்னொரு காரியமும் செய்தேன். திரையின் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்து, பின்பக்கம் காதை வைத்துக் கேட்டேன். சில திரைகள் வெளிச்சம் குறையும்போது கீச்சென்று மெல்லக் கத்தும். மைக்கில் அது விழும். நாலாவது திரை அமைதியாக இருந்தது, அதை எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 28, சனி

எல்லாம் வந்து சேர்ந்தது. ஸ்பீக்கரை நாலு மாடி தூக்கிக்கொண்டு ஏறினேன், ஒவ்வொன்றும் ஐந்து கிலோவுக்கு மேல். மறந்துபோன கேபிளை மட்டும் கடைப் பையன் சாயங்காலம் கொண்டு வந்து கீழே மணிக்கயிற்றை இழுத்தான். பால்கனியிலிருந்து தொங்கும் கயிற்றின் கிளிப்பில் பையை மாட்டிவிட்டான், இழுத்துக்கொண்டேன்.

போட்டதும் உர்ர்ர் என்று ஒரு சத்தம். கேபிளை மாற்றியதும் பாதி போனது. பேலன்ஸ்டு கேபிளில் ஒரே ஒலி நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பியில் போகிறது, வழியில் ஒட்டும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஒட்டுவதால் கடைசியில் கழிந்துவிடுகிறது. மீதி உர்ர் பேட்டரியில் ஓடும்போது மட்டும் வந்தது. பழைய இன்வெர்ட்டர் மின்னலையைப் படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டித் தருகிறது. சுத்தமான சைன் அலை தருவது வேண்டும். இது நான் கணக்கில் வைக்காத செலவு. ஸ்பீக்கருக்கு முன்னாலேயே இதை வாங்கியிருக்க வேண்டும்.

ஜூலை 5, சனி

புது இன்வெர்ட்டர் வந்தபின் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை.

இன்று பதிவு. கரண்ட் போனால் கீழே கடைகளின் ஜெனரேட்டர் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். கரண்ட் வந்தால் தெரு முழுக்கப் பிள்ளைகள் "மீ லாபீ!" (பர்மியில் "கரண்ட் வந்தாச்சு!") என்று கத்துவார்கள், அடுத்த நிமிஷமே ஒவ்வொரு மாடியிலும் தண்ணீர் மோட்டார். அமைதி என்பது விடிகாலை ஐந்து மணிக்கு மட்டும்தான். பெரியம்மா நாலே முக்காலுக்குக் குளித்துத் திருநீறு இட்டு வந்து நின்றார். ஆறு மணிக்குள் ஐந்து பாட்டு.

ஜூலை 12, சனி

மிக்ஸ். அறையின் இரண்டு மூலையிலும் பழைய இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுருட்டி நிறுத்தினேன், இரு பக்கச் சுவரிலும் ரஜாய் தொங்கவிட்டேன். 90-ல் இருந்த பெருக்கம் முழுதாகப் போகவில்லை. இந்த அறை எங்கே மிகையாகப் பேசும் என்று தெரிந்துவிட்டதால், நாற்காலியைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி ஒரு முறை, நடுவில் ஒரு முறை என்று கேட்டுப் பம்பையின் அளவை முடிவு செய்தேன்.

குரல் மட்டும் ஏதோ கண்ணாடிக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. ஒரு போர்வையைத் திரைமேல் போட்டேன். உடனே குரல் தெளிந்தது. எடுத்தேன், மங்கியது. அப்புறம் திரையை அரை அடி பின்னால் தள்ளி, மேல்பக்கம் சற்றுச் சாய்த்தேன். இப்போது போர்வை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

மெல்ல வைத்தே கேட்கிறேன், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற அளவுக்கு. சத்தம் ஏற ஏற நம் காதுக்கு அடிச்சத்தம் கூடுதலாகத் தெரியும். 1933-லேயே பிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்து வரைந்திருக்கிறார்கள். 

ஜூலை 18, வெள்ளி

கூழ் ஊற்றி முடிந்து, சாயங்கால பூஜைக்கு முன்னால் போட்டார்கள். அதே கோயில் ஸ்பீக்கர்தான். பம்பை தன் இடத்தில் நின்றது. பெரியம்மா குரல் அதன்மேல் ஏறி வாசல் வரை வந்தது, செருப்பு விடும் இடத்தில் நின்று நான் ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன்.

மூன்றாவது பாட்டு முடியும்போது பெரியம்மா என் பக்கத்தில் வந்து கையைப் பிடித்தார். "ரெண்டாவது அடியில சொல்லை மாத்திப் பாடிட்டேன்டா. போன வருஷம் தெரியலை, இப்ப நல்லா கேக்குது. மாமியார் இருந்தா திட்டியிருப்பாங்க. எப்ப வரட்டும்?"

"ஞாயிற்றுக்கிழமை வாங்க பெரியம்மா. அதே அஞ்சு மணிக்கு, மோட்டார் போடறதுக்கு முன்னாடி."